சொந்த வீட்டில் ஒரு மதியம்

காலையில் வருவதாகச் சொன்ன ஆள் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் வரவில்லை, நான் இன்னும் இந்த நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருக்கிறேன். சாய்ந்து உட்கார வேண்டும். சொந்த வீட்டில் யாரும் நாற்காலி நுனியில் உட்காருவதில்லை. நுனியில் உட்காருகிறவர்கள் பெண் பார்க்க வந்தவர்கள், கைமாற்றுக் கேட்க வந்தவர்கள், கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டியவர்கள். சாய்ந்தேன். முதுகில் ஈரமாக ஏதோ பட்டது, செல்வியின் வீட்டுக்காரர் குளித்துவிட்டுப் போட்டுப்போன துண்டு, மறுபடி நுனிக்கே வந்துவிட்டேன். வருகிற ஆள் கேட்டால் இது என் நாற்காலி, அது என் கணவருடைய துண்டு. என் கணவர் தண்டபாணி இந்நேரம் பம்ப்செட் கம்பெனியில் லேத்துக்கு முன்னால் நிற்கிறார், அவருடைய துண்டு ஒண்டிப்புதூர் லைன் வீட்டுக் கொடியில் காய்கிறது. நாங்கள் இருப்பது அங்கே, வரிசையாகச் சுவர் ஒட்டிய சின்ன வீடுகளில் ஒன்றில், வாடகைக்கு. இது எங்கள் வீடு, இதில் இருப்பது செல்வி, வாடகைக்கு. இதைச் சொன்னால் தெருவில் போகிற யாருக்கும் புரியும், அரசாங்கத்துக்கு மட்டும் புரியாது. வீட்டுக் கடனுக்கு வட்டி ஏறித் திணறுகிறவர்களுக்கு மாதம் ஆயிரத்து இருநூற்றைம்பது ரூபாய், இரண்டு வருஷத்துக்கு, நிவாரணம் என்று அறிவித்திருக்கிறார்கள். நிபந்தனை ஒன்றுதான், கடன் வாங்கியவர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். ஆள் நேரில் வந்து பார்ப்பார். அதற்காகத்தான் இன்று ஒரு நாளைக்கு இந்த வீட்டை செல்வியிடம் கேட்டு வாங்கி, வீட்டுக்காரி வேஷம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பத்திரம் என் பேரில்தான் இருக்கிறது, ரேணுகாதேவி என்று, அப்புறம் வேஷம் எதற்கு? செல்வி இன்றைக்கு ஊரிலிருந்து என்னைப் பார்க்க வந்திருக்கும் சித்தி மகள்.

ஆயிரத்து இருநூற்றைம்பது. இதைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாகிவிட்டது. ஒரு சிலிண்டரும் கொஞ்சம் மளிகையும். அல்லது சேலத்து விடுதியிலிருந்து மகளை ஒரு தடவை கூட்டி வந்து நல்லபடியாகச் சமைத்துப் போட்டுத் திரும்ப அனுப்புகிற செலவு. வட்டி ஏறியபோது தவணையில் ஏறியதே இதைப்போல இரண்டு மடங்கு. டிவியில் செய்தி வந்த ராத்திரி தண்டபாணி தட்டிலிருந்து நிமிராமலே கேட்டார், "இதெல்லாம் எந்த மூலைக்கு?" அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. கம்பெனியில் ஓவர்டைமை நிறுத்தியபோதுகூட ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னார், அதுவும் நான் சீக்கிரம் வருகிறீர்களே என்று கேட்ட பிறகு. அன்றைக்கு மட்டும் கை கழுவிவிட்டு வந்து இன்னொன்றும் சொன்னார். "வந்தா வரட்டும். வரலீன்னா தை பொறந்ததும் வீட்டக் கொடுத்தர்லாம் ரேணுகா. புரோக்கர்கிட்டச் சொல்லி வெச்சுட்டேன்." ஒரு மிக்ஸியைக் கொடுப்பதைப்போலச் சொன்னார். நான் பாத்திரம் தேய்த்தேன், தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தேன். அதற்குப் பிறகு அந்தத் தொகைக்கு என் மனதில் வேறு எடை வந்துவிட்டது. கணக்குப்படி பார்த்தால் அது வந்தாலும் மாதக் கடைசி கையைக் கடிக்கும், வராவிட்டாலும் கடிக்கும். ஆனால் தண்ணீர் மூக்குவரை நிற்கும்போது இரண்டு விரற்கடை இறங்கினால் மூச்சு விடலாம். கரையேறியதாக ஆகாது, சரி, ஆனால் மூச்சு. இப்படித்தான் நினைக்கிறேன், நினைத்து முடிப்பதற்குள் அவர் கேட்டதும் கேட்கிறது, எந்த மூலைக்கு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். திணறுகிறவர்கள் என்ன செய்வார்கள்? சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அதில் பாதி வாடகைக்கு ஒரு லைன் வீட்டைப் பிடித்துப் போவார்கள், மீதியைத் தவணையில் போடுவார்கள். எங்கள் லைனிலேயே இன்னொரு குடும்பம் அப்படித்தான், சூலூரில் அவர்களுக்கு மாடியோடு வீடு இருக்கிறது. ஆக, திணறுகிறவர் யாரும் தன் வீட்டில் இல்லை. தன் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் நிவாரணம். இந்தத் திட்டத்தை எழுதியவர் எழுதி முடித்துவிட்டுச் சொந்த வீட்டுக்குப் போய் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து காப்பி குடித்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது, அவர்மேல் கோபம்கூட வரவில்லை. செல்போனில் வந்த செய்தியில் 'மதிப்பிற்குரிய வீட்டு உரிமையாளரே' என்று போட்டிருந்தது. என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆஸ்பத்திரியில் பில் போடுகிற கவுண்டரில் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும் என்னை எல்லோரும் கூப்பிடுவது 'ஏங்க, எவ்வளவு நேரம்ங்க' என்றுதான். அந்தச் செய்தியை நான் அழிக்கவில்லை.

சமையலறையில் செல்வி ஏதோ வறுக்கிறாள், கடுகு வெடிக்கிற சத்தம், அந்தச் சத்தம் மேடையின் வலது பக்கத்திலிருந்து வருகிறது, நான் அடுப்பு வைக்க நினைத்தது இடது பக்கம். ஜன்னல் அங்கேதான் வைத்தேன், புகை போக. இவள் எதற்கு வலப்பக்கம் வைத்தாளோ. கேட்கக் கூடாது. இந்த வீட்டில் எனக்குத் தெரிந்ததெல்லாம் சுவருக்கு உள்ளே இருக்கிறது. கட்டும்போது ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் தினமும் காலையில் இங்கே வந்து சுவருக்குத் தண்ணீர் விட்டவள் நான்தான். பொன்மலர் கார்டன் என்று பேர் வைத்திருந்தார்களே தவிர அப்போது இங்கே ஒரு பூச்செடிகூடக் கிடையாது, கருவேல முள்ளும் பிரித்துப் போட்ட மனைக்கற்களும்தான். மேற்குப் பார்த்த மனை என்று விலையைக் கொஞ்சம் குறைத்தார்கள், அதற்காகவே எடுத்தோம். விடிந்தும் விடியாமலும் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், புதுச் சிமெண்டு தண்ணீரை உறிஞ்சும்போது ஒரு வாசனை வரும், அதை வாயைத் திறந்துகொண்டு இழுப்பேன், பக்கத்தில் யாரும் இல்லை என்பதால். எந்தச் சுவரில் எந்த வரிசையில் உடைந்த செங்கல் வைத்தார்கள் என்று இன்றைக்கும் காட்டுவேன். பணம் கரையக் கரைய ஒவ்வொன்றாக விட்டோம், தேக்கை விட்டு வேப்பம் பலகை, மாடிப்படிக்குக் கைப்பிடி அப்புறம் பார்க்கலாம் என்று, பரணுக்குக் கதவு வேண்டாம் என்று. ஒன்றை மட்டும் நான் விடவில்லை. வாசல்படிக்குக் கறுப்புக் கிரானைட். எங்கள் ஆஸ்பத்திரி மேனேஜர் வீட்டு வாசலில் அப்படி ஒரு கல் பார்த்தேன், குனிந்தால் முகம் தெரிந்தது. தண்டபாணி வாய்விட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை, கல்லைத் தூக்கி வந்த வண்டிக்குக் காசு கொடுக்கும்போது மட்டும் ஒரு பார்வை பார்த்தார். விடியற்காலையில் அந்தப் படியைத் தாண்டி உள்ளே போய்ப் பால் காய்ச்சினோம், பொங்கிற்று, எல்லோருக்கும் திருப்தி. அன்று ராத்திரி ஹாலில் பாய் விரித்துப் படுத்தோம். அந்த ஒரு ராத்திரிதான். அடுத்த வாரமே வாடகைக்கு ஆள் வந்தாயிற்று. அதற்குப் பிறகு நான் வருவதென்றால் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டிப் பார்ப்பதுதான், குழாய் ஒழுகுகிறது, கதவு பிடிக்கிறது என்று அவர்கள் கூப்பிட்டால். வந்தாலும் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போய்விடுவேன். வாடகைக்கு விட்ட வீட்டுக்குள் சும்மா சும்மா போகக் கூடாது.

இன்று காலை வந்தபோது அந்தக் கறுப்புக் கல்லின்மேல் நனைந்த கோணிச்சாக்கு ஒன்று கிடந்தது. அரிசிச் சாக்கு, மில் பேர் மங்கிப்போய், ஓரத்தில் நூல் பிரிந்து. என்னுடைய கல்லின்மேல். நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சாக்கைச் சுருட்டி எடுத்துவிட்டேன். செல்வி கதவைத் திறந்துகொண்டு வந்தவள், "அக்கா, அது வந்து..." என்று ஆரம்பித்தாள். "இருக்கட்டும் செல்வி, வர்றவரு பாத்தா நல்லாருக்காது" என்று நான் முந்திக்கொண்டேன். அவள் "சரிக்கா" என்று வாங்கிக்கொண்டுபோய்ப் பின்பக்கம் போட்டாள். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை, அவள் முகம் எப்போதும் அப்படித்தான். அதற்கப்புறம் நான் பையிலிருந்து எங்கள் கல்யாணப் போட்டோவை எடுத்தேன். ஆணியில் அவர்களுடைய கடிகாரம் மாட்டியிருந்தது, அதை இறக்கிவிட்டு எங்கள் போட்டோவை மாட்டினாள் அவளே, ஸ்டூல்மேல் ஏறி. மாட்டிவிட்டு, "அக்கா அப்ப எவ்வளவு ஒல்லி" என்றாள். பக்கத்துச் சுவரில் இயேசு படம், பூப்போட்ட சட்டம், கீழே சின்ன பல்பு. அதைப் பார்த்தேன், அவளும் நான் பார்ப்பதைப் பார்த்தாள். "அத மட்டும் கழத்தாண்டாம்க்கா" என்றாள் மெதுவாக. நான் கழற்றச் சொல்வதாகவே இல்லை, சத்தியமாக, ஆனால் சொல்லியிருப்பேனோ என்று இப்போது ஒரு சந்தேகம். முருகன் காலண்டர் ஒன்றைக் கொண்டு வந்திருந்தேன், அதை எதிர்ச் சுவரில் தொங்கவிட்டேன், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி இருக்கிறார்கள். அதற்குக் கீழே முழங்கால் உயரத்தில் கிரேயானில் ஒரு படம், வீடு, சூரியன், வீட்டைவிடப் பெரிய கோழி. செல்வியின் பெண் வரைந்தது, ஒன்றாம் வகுப்பு, பள்ளிக்கூடம் போயிருக்கிறது. அந்தச் சுவருக்கு நான் ஊற்றிய தண்ணீரை நினைத்தேன். என் மகள் இந்தச் சுவரில் எதுவும் வரையவில்லை. வரைகிற வயதெல்லாம் அவளுக்கு லைன் வீட்டில் போயிற்று, அங்கே வரைந்தால் வீட்டு ஓனர் சத்தம் போடுவார் என்று நானே முதுகில் ஒன்று வைத்திருக்கிறேன்.

தாகமாக இருக்கிறது. காலையிலிருந்து இரண்டு தடவை செல்வி காப்பி வேண்டுமா என்று கேட்டாள், இரண்டு தடவையும் இருக்கட்டும் என்றேன். மூன்றாம் தடவை கேட்டால் குடிக்கலாம் என்று இருந்தேன், கேட்கவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் மொண்டு குடித்தால் என்ன? டம்ளர் எங்கே இருக்கும்? அலமாரியில் பரணுக்குக் கீழ்த் தட்டிலா, மேடையிலா, நான் கட்டிய சமையலறையில் நான் டம்ளர் தேடிக்கொண்டு நிற்கும்போது அந்த ஆள் வந்துவிட்டால்? என்ன கேட்பார்கள் என்று ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கிற ஒருத்தியிடம் விசாரித்தேன், அவளுடைய கொழுந்தனாருக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். ரேஷன் கார்டு, கரண்ட் பில், சமையலறையை ஒரு பார்வை, பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை. ரேஷன் கார்டில் வீடு கட்டியதுமே இந்த விலாசத்தை ஏற்றிவிட்டோம், கரண்ட் பில்லும் என் பேரில்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டம்மாவுக்கு என்னைத் தெரியும், ஆனால் எப்படித் தெரியும் என்பதுதான் பயம், "ஓனரம்மாங்களா, ஞாயித்துக்கிழமைன்னா வருவாங்க" என்று நல்ல மனதோடு சொல்லிவிடுவார். அவர் இன்றைக்கு ஊரில் இல்லை, கதவில் பூட்டு, அதைப் பார்த்தபோது ஒரு சந்தோஷம் வந்தது, பூட்டைப் பார்த்துச் சந்தோஷப்படுவதென்றால் திருடிக்குத்தான் வரும். நான் திருட வந்திருப்பது என்ன? சொந்த வீட்டில் இருக்கிற பேரை. செல்வி எதற்காக இதற்கெல்லாம் ஒத்துக்கொண்டாள் என்பதையும் யோசித்துவிட்டேன். நல்லவள் என்பது ஒன்று. போன வாரம் போனில் விஷயத்தைச் சொன்னபோது, "வித்தா வாறவுக எங்கள இருக்க விடுவாவளாக்கா?" என்றுதான் கேட்டாள். பள்ளிக்கூடம் நடந்துபோகிற தூரம், அவள் வீட்டுக்காரர் டேனியலுக்கு வேலை செய்கிற இரும்பு பவுண்டரி பக்கம், வாடகையை நான் இந்த வருஷம் ஏற்றவில்லை. ஆக அந்த ஆயிரத்து இருநூற்றைம்பதில் இரண்டு குடும்பம் தொங்குகிறது. அதற்கு இது தெரியாது.

"அக்கா, வந்துட்டாவ." செல்வி கரண்டியோடு ஹாலுக்கு வந்துவிட்டாள். வெளியே பைக் நின்ற சத்தம். எழுந்தேன், எழுந்திருக்க வேண்டுமா உட்கார்ந்திருக்க வேண்டுமா என்று தெரியாமல் பாதியில் நின்றேன். ஹெல்மெட்டைக் கையில் கோத்துக்கொண்டு, தோளில் பையோடு, ஐம்பது வயதை ஒட்டிய ஆள், சட்டைக் காலர் வியர்வையில் கறுத்திருந்தது. ஷூவை வெளியிலேயே கழற்றினார். ஒற்றைச் சாக்ஸில் ஓட்டை. சமையலறைக்கு முன்னால் நின்ற செல்வி, "வாங்க சார், உள்ள வாங்க, உக்காருங்க" என்றாள். நான் சொல்ல வேண்டியது. சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதுவும் நான் செய்ய வேண்டியது. அவர் அண்ணாந்து குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்கம்மா, நீங்கதான் ரேணுகாதேவிங்களா?" என்று செல்வியைப் பார்த்துக் கேட்டார்.

"நான்ங்க" என்றேன். "இது எங்க சித்தி பொண்ணு. ஊர்லிருந்து வந்திருக்குது."

"எந்தூரு?"

"சாத்தாங்குளம் பக்கம் சார்" என்றாள் செல்வி. அவள் பேச்சை அவர் கேட்டார், என் பேச்சையும் கேட்டிருக்கிறார். "நீங்க எந்தூருங்க?" என்றார் என்னிடம். காங்கேயம் என்றேன். அவருடைய புருவம் ஏறுவதற்குள் செல்வி, "எங்கம்மைய அங்க கெட்டிக் குடுத்துட்டாவ சார்" என்று முடித்துவிட்டாள். இந்தப் பெண்ணுக்கு இத்தனை சாமர்த்தியம் இருப்பது எனக்குத் தெரியாது. அவர் சுவரைப் பார்த்தார். இயேசுவைப் பார்த்தார், முருகனைப் பார்த்தார், என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார். "எல்லாச் சாமியும் கும்புடுவோமுங்க" என்றேன், யாரும் கேட்காமலே. கோழிப் படத்தையும் பார்த்தார். நான்கு வருஷம்கூட ஆகாத சுவர், விண்ணப்பத்தில் எனக்கு ஒரே மகள், வயது பத்தொன்பது. அவர் அதைப் பற்றிக் கேட்காமல் பையிலிருந்து காகிதங்களை எடுத்தார். கேட்காமல் இருப்பது கேட்பதைவிட மோசமாக இருந்தது.

"கொஞ்சம் லைட்டப் போடுங்கம்மா, எழுத்துத் தெரிய மாட்டேங்குது."

ஸ்விட்ச் போர்டு என் தோளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. முதல் பட்டனைத் தட்டினேன், ஓடிக்கொண்டிருந்த ஃபேன் நின்றது. இரண்டாவதைத் தட்டினேன், வாசலில் எங்கோ பட்டப் பகலில் விளக்கு எரிந்தது. மூன்றாவதைத் தட்டினால் இயேசு படத்துக்குக் கீழே சின்ன பல்பு. என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்து ஃபேனைப் போட்டு, வாசல் விளக்கை அணைத்து, ஹால் விளக்கைப் போட்டுவிட்டுப் பார்க்காமலே திரும்பிப் போயிற்று. "புது போர்டுங்க, மாத்தினாங்க" என்றேன். போர்டில் பெயிண்டுக் கறையெல்லாம் அப்படியே இருந்தது. அவர் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். ரேஷன் கார்டைப் பார்த்தார், கரண்ட் பில்லைப் பார்த்தார், சமையலறையை எட்டிப் பார்த்தார், என் கையெழுத்தை வாங்கினார். "சரிங்கம்மா, பத்து நாள்ல மெசேஜ் வரும்" என்று எழுந்து, ஷூவை மாட்டி, கேட்டைத் தாண்டிப் போனார். கேட் மூடுகிற சத்தம் வந்தது.

அவ்வளவுதான். "தண்ணி குடு செல்வி" என்றேன், கொடுத்தாள், நின்றபடியே குடித்தேன், இன்னொரு சொம்பு வாங்கிக் குடித்தேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம், சாத்தான்குளத்தில் கட்டிக்கொடுத்த சித்தியை நினைத்து. ஸ்டூலில் ஏறிக் கல்யாணப் போட்டோவை இறக்கினாள், நான் அதைப் பையில் வைத்தேன், பைக்குள் முழுக்க நுழையவில்லை, தண்டபாணியின் தலைப்பாகை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கடிகாரம் பழைய இடத்துக்குப் போயிற்று. முருகனை நீயே வைத்துக்கொள் என்றேன், தேதி பார்க்கலாம். மனது லேசாக இருந்தது, யாருக்காவது எதையாவது கொடுக்க வேண்டும் போல இருந்தது. வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டு, ஓரடி கீழே இறங்கித் திரும்பி, வழக்கமாகச் சொல்வதையே வாய் நிறையச் சொன்னேன். "அப்ப நான் போயிட்டு வர்றேன் செல்வி. இந்த மாச வாடகைய மெதுவாப் போடு, ஒண்ணும் அவசரமில்ல."

செல்வி என் தோளுக்கு மேலே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பினேன். அவர் போகவில்லை. தெருவுக்கு எதிர்ப்பக்கம் வேப்பங்கன்றின் நிழலில் நின்று, வீடு முழுசாகத் தெரிகிற மாதிரி செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். போன் அப்படியே நின்றது. பையில் நீட்டிக்கொண்டிருந்த தலைப்பாகையைக் கையால் மறைத்தேன், எதற்கு மறைத்தேனோ. தை மாதம் என்று நினைத்தேன், புரோக்கர் வந்து இந்தப் படியில் ஷூவோடு ஏறுவான் என்று நினைத்தேன். என் வாயாலேயே விற்றுவிட்டேன். இத்தனை நேரம் துண்டையும் சுவரையும் ஸ்விட்சையும் கண்டு பயந்தேன், நாக்கைக் கண்டு பயப்படவில்லை. சொந்த வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு புறப்பட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவர் தெருவைக் கடந்து கேட் வரைக்கும் வந்தார். என்னைப் பார்க்கவில்லை, போனின் திரையை விரலால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போறதுக்கு முன்னால ஒரு போட்டோ எடுத்துக்கலாங்கம்மா. ஓனரு வாசப்படியில நிக்கோணும்."

நான் ஏறி நின்றேன்.

"பையைக் கீழ வெச்சிருங்க." வைத்தேன். "செருப்பையும் கழட்டிருங்க. தன்னோட வாசப்படியில யாருங்க செருப்போட நிப்பாங்க?"

கழற்றிவிட்டுக் கறுப்புக் கல்லின்மேல் இரண்டு பாதத்தையும் வைத்தேன். சுட்டது. மேற்கு வெயில் நேராக வந்து கல்லில் விழுந்து எவ்வளவு நேரம் ஆயிற்றோ, தோசைக்கல்லில் வைத்த மாதிரி சுட்டது. காலை எடுக்கப் பார்த்தேன், அவர் போனைத் தூக்கிவிட்டார். எடுக்கவில்லை. செல்வி கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள், படத்தில் விழாமல். "இருங்கம்மா, இடம் காட்டுது, சுத்திட்டே இருக்குது" என்றார், போனில் ஏதோ வட்டம் சுற்றி முடிய வேண்டுமாம், இந்த வீடு இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று. எனக்கு இந்தக் கல்லைத் தெரியும் என்று நினைத்திருந்தேன். கடையில் தட்டிப் பார்த்து வாங்கினேன், பாலிஷ் போடும்போது பக்கத்தில் நின்றேன், குனிந்து முகம் பார்த்தேன். மதியத்துக்கு மேல் அது சுடும் என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. தெரிவதற்கு இங்கே இருந்திருக்க வேண்டும். குதிகாலிலிருந்து சூடு முழங்கால்வரை ஏறிற்று, கண்ணில் தண்ணீர் வந்தது, அது சூட்டினால் மட்டும் வந்ததில்லை.

"கொஞ்சம் சிரிங்கம்மா. உங்க வீடுதானுங்களே."

சிரித்தேன். எடுத்துவிட்டார். "ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து பாப்போமுங்க. வர்றதுக்கு மொதநாளு போன் பண்ணுவாங்க. அன்னிக்கும் இங்கயே இருந்துக்குங்க" என்றார். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஏன் விட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் நாலைந்து வீடு பாக்கி இருந்திருக்கும், திரும்ப எழுதுவது பெரிய வேலையாக இருந்திருக்கும், அல்லது இன்று அவர் பார்த்த எல்லா வீட்டிலும் யாரோ ஒரு சித்தி மகள் இருந்திருப்பாள்.

படியிலிருந்து குதித்து மண்ணில் நின்றேன். செல்வி வாளித் தண்ணீரோடும் சாக்கோடும் பின்பக்கத்திலிருந்து ஓடிவந்தாள். "பொத்துப்போச்சாக்கா? காலயிலயே சொல்ல வந்தேன். உச்சிக்கு மேல தெனமும் இப்டித்தான். பிள்ள பள்ளிக்கொடம் விட்டு வந்து வெறுங்கால வச்சிட்டுக் கத்தும், அதான் சாக்க நனச்சுப் போடுதேன்" என்றாள். என் காலில் தண்ணீர் ஊற்றினாள். தண்டபாணி போன் செய்தார், லேத்து ஓடுகிற சத்தத்துக்கு நடுவில், "என்னாச்சு?" என்றார். "வந்துரும்போல இருக்குதுங்க" என்றேன். "அப்ப தைக்கு?" "தைக்கு வேண்டாம்." "அது வந்து எந்த மூலைக்குன்னு..." என்று ஆரம்பித்தவர், "சரி, பஸ் பாத்து வா" என்று வைத்துவிட்டார். செல்வியின் கையிலிருந்து சாக்கை நான் வாங்கிக்கொண்டேன். கல்லின்மேல் விரித்து, ஓரம் மடங்காமல் இழுத்துவிட்டு, வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை அதன்மேல் சீராக ஊற்றினேன், சுவருக்கு ஊற்றுவதைப்போல. ஆவி எழுந்தது, அந்தப் பழைய சிமெண்டு வாசனை அதில் இல்லை, சாக்கு வாசனைதான் வந்தது. இன்னும் ஆறு மாதம் கழித்து ஒரு நாள் நான் என் வீட்டில் இருப்பேன். அன்றைக்குச் சாக்கை எடுக்க மாட்டேன்.